தராசு காத்திருந்த எட்டுச் செக்கன்

போன கிழமை எங்கள் பழைய களஞ்சியத்தின் கணினிப் பகுதியிலிருந்து ஷர்மிளா போன் எடுத்தாள். நான் வேலையை விட்டு வந்த பிறகும் என்னை மறக்காமல் கதைக்கிற பிள்ளை.

"ஆச்சி, பழைய தராசுப் புரோகிராமை வெள்ளிக்கிழமையோட நிப்பாட்டுறம். புதுசு ஒண்டு எழுதியாச்சு. கடைசியா ஒரு லொறியைப் பழசிலை நிறுத்துப்போட்டு எல்லாரும் நிண்டு படம் எடுக்கப் போறம். நீங்கள் கட்டாயம் வரவேணும்."

"முழங்கால் ஏலாது பிள்ளை," என்றேன்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அன்று காலையில்தான் சந்தைக்கு நடந்து போய் பாரைமீனும் முருங்கைக்காயும் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"அப்ப உங்கட அனுபவத்தையாவது சொல்லுங்கோ. வேலை செய்து ஓய்ஞ்ச ஆக்கள் எழுதினா ஞாயிறு பேப்பரிலை போடுகினம்."

எழுதினால் என்கிறாள்! சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இலக்கம் தெரியும். பஸ்ஸிலும் சந்தையிலும் போனிலும் பழகிய இலக்கம். ஆகவே நான் சொல்ல என் மருமகள் சுகந்தி எழுதுகிறாள். அவள் ரீச்சர். என் வாயில் வருவதைப் புத்தகத் தமிழாக்கித்தான் கொப்பியில் இறக்குவாள். இறக்கட்டும். நான் சொன்னதை விடாமல் எழுதினால் போதும். கடைசிப் பகுதி வரும்போது பேனாவை வைத்துவிட்டு "மாமி, இதையும் எழுதவோ?" என்று கேட்பாள், எனக்குத் தெரியும். கேட்டாலும் எழுதத்தான் வேண்டும்.

என் பெயர் பூமணி. பிறந்தது கட்டைபறிச்சான். வேலைக்குச் சேர்ந்த அன்று மூதூரிலிருந்து கடல் கடந்து லோஞ்சில் திருகோணமலைக்கு வந்து இறங்கினேன். கையில் சாப்பாட்டுப் பெட்டி, தோளில் தும்புத்தடி. கூட்டுகிற வேலைக்குப் போகிறவள் தும்புத்தடி கொண்டுபோக வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். லோஞ்சில் இருந்த சனம் முழுக்க என்னைப் பார்த்தது. களஞ்சியத்துக்குப் போனால் அங்கே ஒரு மூலையில் பத்துத் தும்புத்தடி சாத்திக் கிடக்கிறது.

வேலை பழக ஒரு நாள் போதுமாக இருந்தது. துறைமுகத்துக்குக் கப்பலில் சோளம் வரும், கோழித்தீனிக்குப் போகிற சோளம். துறைமுக வாசலில் லொறியோடு ஒருதரம் நிறுப்பார்கள். பிறகு எங்கள் களஞ்சியத்துக்கு வந்ததும் இன்னொருதரம் நாங்கள் நிறுப்போம். லொறித் தராசு என்றால் நிலத்தோடு நிலமாய்க் கிடக்கிற பெரிய இரும்புத் தட்டு. லொறி முழுதாக அதன்மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் உள்ள சின்னக் கந்தோர் அறையில் கணினி நிறையைக் காட்டி ஒரு துண்டு அடித்துக் கொடுக்கும். தட்டுக்கும் சுற்றியுள்ள சீமெந்துக்கும் நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி இருக்கும். அதற்குள் சோளம் விழுந்து இறுகினால் தட்டு அசையாது, நிறை பொய் சொல்லும். அந்த ஒரு விரல் இடைவெளியைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் என் உத்தியோகம். இருபத்தாறு வருடம் அதைத்தான் பார்த்தேன்.

சிந்திய சோளத்துக்கு மான் வரும். திருகோணமலை மானைப் பற்றித் தெரியாதவர்கள் இருந்தால் சொல்கிறேன், அவை எங்களைப் பார்த்துப் பயப்படுவதில்லை, நாங்கள்தான் விலகிப் போக வேண்டும். ஒருநாள் ஒரு கொம்பன் தட்டின் நடுவில் ஏறி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த மரியதாஸ் பட்டனை அமத்திவிட்டார். அறுபது கிலோ என்று துண்டு வந்தது. லொறி இலக்கம் வர வேண்டிய இடத்தில் எல்லாம் பூச்சியம். அந்தத் துண்டைச் சுவரில் ஒட்டிவைத்தோம். மனேஜர் கண்டு ஏசும்வரை அது அங்கே இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தராசுக் கந்தோரில் இரண்டு பேர் முறை மாறி இருப்பார்கள். ஒருவர் இப்போது சொன்ன மரியதாஸ். பெரிய உடம்பு, பெரிய வாய். லொறி தட்டில் ஏறியதும் சாரதியைக் கூப்பிட்டு, "இறங்கி வா மச்சான், என்ன புதினம்?" என்று கேட்டு, வீட்டுக் கதை முழுவதும் கேட்டு முடித்த பிறகுதான் பட்டனில் கை வைப்பார். மற்றவர் தவராசா, வெருகல் ஆள். மெலிந்தவர். சட்டையில் ஒரு மடிப்புக் குலையாது. சுவரில் வேலை செய்யும் முறை எழுதிய ஒரு கடதாசி ஒட்டியிருக்கும்: லொறி தட்டில் நின்றதும் இலக்கத்தை அடிக்கவும், பட்டனை அமத்தவும், துண்டு வரும்வரை காத்திருக்கவும். தவராசா அந்தக் கடதாசி என்ன சொல்கிறதோ அதைத்தான் செய்வார். லொறி நின்ற மறுகணம் அவர் விரல் பட்டனில் இருக்கும்.

அவரிடம் எனக்கு இன்னொரு பற்றும் உண்டு. லொறி வராத நேரத்தில் பேப்பரை விரித்து எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். முதல் பக்கம் தொடங்கி மரண அறிவித்தல் வரை ஒன்றையும் விடமாட்டார். "அக்கா, இண்டைக்கு ஆர் செத்தது எண்டு கேளுங்கோ," என்பார். எனக்கு உலகம் தெரிந்தது அவருடைய குரலில்தான்.

பழைய கணினி வெற்றிலை போட்ட பல்லைப் போல மஞ்சளித்துப் போயிருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதில் பட்டனை அமத்தினால் உடனே நிறை எடுக்காது. லொறி வந்து நின்றாலும் உள்ளே பாரம் ஆடிக்கொண்டுதானே இருக்கும்? பின்கதவுச் சங்கிலி கிலுங்கிக்கொண்டே இருக்கும். கணினி எட்டு வினாடி, எங்கள் பேச்சில் எட்டுச் செக்கன், பொறுக்கும். சங்கிலி அடங்கும். அதற்குப் பிறகுதான் நிறையை எடுத்து பிரிண்டர் கத்தும். எனக்குச் செக்கன் கணக்கெல்லாம் அப்போது தெரியாது. முதலில் சங்கிலி ஓயும், பிறகு பிரிண்டர் கத்தும். அதுதான் எனக்குத் தெரிந்த ஒழுங்கு.

அந்தக் கணினி சாகக் கிடந்தது. உள்ளே ஒன்று பழுதானால் மாற்ற உதிரிப்பாகம் கொழும்பிலும் கிடைக்கவில்லை. அப்போதுதான் நஸீர் சேர் வந்தார். கிண்ணியா ஆள். களஞ்சியத்தின் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பு. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி. எதைத் தொட்டாலும், தொடுவதற்கு முன் ஒருதரம் எழுதுவார், தொட்ட பிறகு ஒருதரம் எழுதுவார். தேத்தண்ணீருக்குச் சீனி போடமாட்டார், கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார். கூட்டுகிறவள் என்று பாராமல் என்னோடும் "நீங்க" போட்டுத்தான் கதைப்பார்.

புதுக் கணினி ஒரு கையளவு பெட்டி. "இதுக்குள்ள இருக்கிற மூளை வேற சாதி அக்கா," என்றார். "போனுக்குள்ள இருக்கிற மாதிரி மூளை. பழைய புரோகிராம் பழைய மூளைட பாஷைல எழுதினது. அது இதுக்கு விளங்காது."

"அப்ப புதுசா எழுதினால் என்ன சேர்?"

"எழுதின மனுசன் மௌத்தாகிட்டார். சமைச்ச கறி இரிக்கி, சமைச்ச முறை எழுதின கொப்பி இல்ல. புதுசா எழுதக் காலம் செல்லும். அதுவரைக்கும் நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளரை வெச்சிருக்கன். பழைய புரோகிராம் சொல்றத அது புது மூளைக்குச் சொல்லும்."

கோட்டில் வழக்கு நடக்கும்போது மொழிபெயர்ப்பாளர் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே விளங்கியது.

உடனே பழையதைக் கழற்றிவிட அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளும், இரண்டு கணினியும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும் என்றார். தராசிலிருந்து வரும் வயரைப் பிரித்து இரண்டுக்கும் கொடுத்தார். கந்தோரில் இருந்தது ஒரே ஒரு பிரிண்டர். ஆகவே முதலில் பழையதில் பட்டனை அமத்தித் துண்டை எடுக்க வேண்டும், பிறகு பிரிண்டரைப் புதியதற்கு மாற்றி அதில் ஒரு துண்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு லொறிக்கும் இரண்டு துண்டு. இரண்டும் ஒன்றா என்று பார்த்துச் சரி போட வேண்டியது தவராசாவும் மரியதாஸும்.

மூன்றாம் நாள் நஸீர் சேர் வந்து துண்டுக் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"மரியதாஸ், இதுல ஒரு சரிக்கும் அடுத்த சரிக்கும் வித்தியாசமே இல்ல. கண்ணால பாத்துப் போட்டீங்களா, கையால போட்டீங்களா?"

"என்ன சேர், இவ்வளவு துண்டையும் வாசிச்சால் என்ர கண் போயிடும். வாசிக்கத் தெரியாத ஆளாப் பாத்துக் குடுங்கோ," என்று மரியதாஸ் என் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

நஸீர் சேர் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து யன்னல் கண்ணாடியில் பிடித்தார். வெளியிலிருந்து வெயில் வந்தது. ஒரே பிரிண்டர், ஒரே அளவு, இரண்டு துண்டிலும் நிறை இலக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தி நின்றன.

"பூமணி அக்கா, எங்கயாவது இலக்கம் ரெட்டையாத் தெரிஞ்சா என்னைக் கூப்பிடுங்க. வாசிக்கத் தேவையில்ல."

அடுத்த நாளிலிருந்து எனக்குக் கந்தோருக்குள் ஒரு கதிரை! அத்தனை வருடத்தில் முதல்முதலாக. காலையில் தட்டைக் கூட்டி முடித்துக் கைகால் கழுவி, கதிரையில் ஏறி இருந்து, கண்ணாடியில் துண்டை வைத்துப் பார்ப்பேன். மரியதாஸ் என்னை "யன்னல் இஞ்சினியர்" என்று கூப்பிடத் தொடங்கினார். சாரதிமாரும் பழகிவிட்டார்கள். "இஞ்சினியரம்மா, என்ர லொறி பாஸோ?" என்பார்கள். எனக்கு அந்த நாட்களில் நிலத்தில் கால் இல்லை.

ஒரே ஒரு தொல்லை. துண்டின் வலது பக்கத்தில் இரண்டு நேரம் இருக்கும். பட்டன் அமத்திய நேரம் ஒன்று, நிறை எடுத்த நேரம் ஒன்று. பழையதில் எடுத்த பிறகுதான் புதியதில் எடுக்கிறோம், போதாததற்குப் புதியதின் மணிக்கூடும் கொஞ்சம் முந்தி ஓடியது. அந்தப் பக்கம் எப்படிப் பொருந்தும்? ஒவ்வொரு துண்டுக்கும் நான் "சேர், இது ஒட்டேல்லை" என்று கூப்பிட, அவர் ஒவ்வொருதரமும் எழும்பி வந்தார். பத்தாம் தரம், "அது வேணாம் அக்கா, அது ஒருநாளும் ஒட்டாது" என்று ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையிலிருந்து நீளமாக ஒரு துண்டு வெட்டி, கண்ணாடியில் அந்தப் பக்கத்தை மறைத்து ஒட்டிவிட்டார். "மட்டைக்கு இந்தப் பக்கம் மட்டும் பாருங்க. காணும்."

இரண்டு கிழமையும் மட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு பிழையும் இல்லை. ஒன்றே ஒன்றுகூட இல்லை.

இப்போது அந்த நாளைச் சொல்ல வேண்டும். இரண்டாம் கிழமை, கச்சான் காற்று அடிக்கிற காலம். கந்தோரில் நான் தனியே இருந்தேன். காற்று ஒன்று உள்ளே வந்து மட்டையைப் பிடுங்கிக் கீழே போட்டது. கையில் ஒரு லொறியின் இரண்டு துண்டு. மறைந்திருந்த பக்கம் வெளிச்சத்தில் தெரிந்தது. பழைய துண்டில் உள்ள இரண்டு நேரமும் வேறு வேறு, கடைசி இலக்கம் மாறியிருந்தது. புதுத் துண்டில் இரண்டு நேரமும் ஒரே நேரம், ஒரு வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அடுத்த சோடியைப் பார்த்தேன். அதிலும் இரட்டை. அடுத்ததிலும் இரட்டை.

எனக்கு அது அழகாகத்தான் பட்டது. புது மெசின் இளந்தாரி, பழையது கிழவன், கிழவன் ஆறுதலாக வருகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். ஆனாலும் நஸீர் சேரிடம் சொல்வோம் என்று எழும்பி வாசல்வரை போனேன். வெளியே அவர் மனேஜரோடு கதைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மரியதாஸ். நான் வாயைத் திறந்தால், "யன்னல் இஞ்சினியர் திரும்பவும் மணிக்கூட்டுப் பக்கம் போயிட்டா" என்று மரியதாஸ் சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள், சேர் பொறுமையாக "அது வேணாம் எண்டனே அக்கா" என்பார். கதிரையை எடுத்துவிடுவார்களோ என்றும் ஒரு பயம். திரும்பி வந்து மட்டையை எடுத்து ஒட்டினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

பழைய கணினி ஸ்டோருக்குப் போனது. புதியது தனியே ஓடத் தொடங்கியது. நான் தும்புத்தடிக்குத் திரும்பினேன். கதிரை மட்டும் அங்கேயே இருந்தது.

சில நாளில் கந்தோரில் முணுமுணுப்பு. துறைமுக வாசலில் ஒரு நிறை, எங்கள் தட்டில் இன்னொரு நிறை. சோளம் குறைகிறது. எந்தெந்த லொறி என்று பார்த்தால் எல்லாம் தவராசாவின் முறையில் வந்தவை. மரியதாஸின் முறையில் ஒரு பிசகும் இல்லை.

விசாரணை வைத்தார்கள். தேத்தண்ணீர் கொண்டுபோனவள் நான். மனேஜர் மேசைக்கு அந்தப் பக்கம், தவராசா இந்தப் பக்கம் நின்றபடி.

"வழியிலை எங்கை இறக்கிறீங்கள்? சாரதிமார் ஆர் ஆர் கூட்டு?"

"சேர், லொறி வருது, நான் பட்டனை அமத்திறன். மெசின் சொல்லுறதைத்தான் நான் குடுக்கிறன்."

"மெசினை ரெண்டு கிழமை சோதிச்சது. ஒவ்வொரு துண்டும் பாத்தது. ஒரு பிழையும் இல்லை." மனேஜர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "பூமணி, நீர்தானே பாத்தனீர்? ஏதும் வித்தியாசம் இருந்ததோ?"

தேத்தண்ணீர்த் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நிறையிலை ஒண்டும் இல்லை ஐயா," என்றேன்.

பொய்யில்லை. நிறையில் ஒன்றும் இருக்கவில்லை.

அன்றே அவரை வேலையால் நிறுத்தினார்கள். பின்னேரம் தவராசா கந்தோர்த் திறப்பை ஒப்படைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே வந்தார். தட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்த என்னிடம் நின்றார்.

"அக்கா, மெசினிலையும் பிழையில்லை, என்னிலையும் பிழையில்லை. அப்ப சோளம் எங்கை போகுது?"

நான் குனிந்து தட்டைக் கூட்டினேன். கையில் இருந்த ஞாயிறு பேப்பரை என்னிடம் தந்தார். வாசிக்கத் தெரியாத என்னிடம் ஏன் தந்தார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒருவேளை கையில் கிடந்ததைக் கொடுத்திருப்பார்.

அவர் போன பிறகு இரண்டு முறையையும் மரியதாஸ் பார்த்தார். குறைச்சல் நின்றுவிட்டது! இனி என்ன சாட்சி வேண்டும்? கள்ளன் போனான், களவு நின்றது. அந்தக் கதை லொறியில் ஏறி மூதூருக்குப் போய், அங்கிருந்து வெருகலுக்கும் போய்ச் சேர்ந்தது.

பிறகு தவராசாவின் இடத்துக்குப் புதிதாக ஒருவரைப் போட்டார்கள். அவரும் புதியவர் என்பதால் சுவர்க் கடதாசியைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார். அவருடைய இரண்டாம் நாளே நிறை திரும்பவும் பிசகத் தொடங்கியது.

நஸீர் சேரைக் கூப்பிட்டார்கள். மனேஜர் அவசரம். "வயரை மாத்துங்கோ, பிரிண்டரை மாத்துங்கோ, எல்லாத்தையும் மாத்துங்கோ."

"எல்லா மருந்தையும் ஒண்டாக் குடுத்தா, சுகம் வந்தாலும் எதால வந்த எண்டு தெரியாது சேர். ஒண்டொண்டாத்தான் பாக்கணும்," என்றார் நஸீர் சேர்.

முதல் நாள் அவர் ஒன்றையும் தொடவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் இருந்து காலையிலிருந்து பின்னேரம்வரை லொறிகளைப் பார்த்தார், எழுதினார். இரண்டாம் நாள் எல்லாத் துண்டையும் கேட்டு வாங்கினார். மனேஜர் கொடுத்தது குறைந்த லொறிகளின் துண்டு. "மற்றதுகளையும் தாங்க," என்றார். எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தால், குறைந்த லொறி எத்தனையோ அத்தனை லொறியில் நிறை கூடியிருந்தது! கூடியதை ஒருவரும் கேட்கவில்லை. கூடினால் யாருக்கு வலி?

"பாருங்க அக்கா," என்றார் தேத்தண்ணீர் வைக்கப் போன என்னிடம். "கள்ளன் எடுத்துக்கொண்டு போவான். கூடுதலாக் கொண்டுவந்து வெச்சிட்டுப் போவானா?"

நான் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மூன்றாம் நாள் ஸ்டோரிலிருந்து பழைய கணினியைத் தூக்குவித்தார். பெரிய கந்தோரிலிருந்து இன்னொரு பிரிண்டரும் வந்தது. இந்தத் தரம் ஒன்றுக்குப் பின் ஒன்றல்ல, இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அமத்தச் சொன்னார். லொறி வந்து சடாரென்று பிரேக் போட்டு நின்றது. புதியதின் பிரிண்டர் உடனே கத்தியது. நான் தட்டுக்குப் பக்கத்தில் தும்புத்தடியோடு நின்றேன். வாயில் தானாக வந்தது.

"சேர், சங்கிலி இன்னும் ஆடிக்கொண்டு கிடக்கு. அதுக்குள்ள கத்திப்போட்டுது."

அவர் யன்னலால் எட்டிச் சங்கிலியைப் பார்த்தார். சங்கிலி ஓய்ந்தது. அப்போதுதான் பழையதின் பிரிண்டர் கத்தியது. இரண்டு துண்டையும் பிடுங்கி யன்னலில் வைத்தார். மட்டை அங்கேதான் ஒட்டியபடி இருந்தது. மெல்லக் கழற்றினார். பழையதில் எட்டுச் செக்கன். புதியதில் ஒன்றுமில்லை, இரட்டை.

"அந்த ரெண்டு கிழமைத் துண்டுகள் இரிக்கா?"

நான் ஒன்றையும் எறிவதில்லை. அலுமாரியின் கீழே பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முதல் நாளிலிருந்தே இரட்டை. எல்லாவற்றையும் அடுக்கித் திரும்பவும் டின்னில் வைத்தார்.

"அந்தக் காலத்து ஆக்கள் 'எட்டுச் செக்கன் பொறு' எண்டு எழுதல்ல," என்றார் பிறகு. "'ஒண்டுல இருந்து இவ்வளவு மட்டும் எண்ணு, எண்ணி முடிஞ்சா நிறையை எடு' எண்டு எழுதியிருக்காங்க. ஒளிச்சுப் பிடிச்சு விளையாடக்குள்ள கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுற மாதிரி. பழைய மூளைக்கு எண்ணி முடிக்க எட்டுச் செக்கன் போகும். புது மூளை கண்ணைப் பொத்த முந்தியே எண்ணி முடிச்சிருது. லொறி ஆடிக்கொண்டிருக்கக்குள்ள நிறையை எடுத்துருது."

"அப்ப நாங்கள் அந்த ரெண்டு கிழமை பாக்கேக்க ஏன் நிறை சரியா வந்தது?"

"பழைய துண்டு வந்த பிறகுதானே புதுசுல அமத்தினோம். அதுக்குள்ள லொறி அடங்கிருச்சி." கருப்பட்டித் துண்டை எடுத்தவர் கடிக்காமல் திரும்பவும் வைத்தார். "மரியதாஸ் ஊர்க்கதை கதைச்சு லொறியை அடங்க விட்டார், தப்பினார். தவராசா கடதாசில உள்ளபடி செஞ்சார். மட்டையை வெட்டினவன் நான் அக்கா. நான்தான்."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மட்டை ஒருநாள் விழுந்தது சேர், நான் கண்டனான் என்று. அவர் தன் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் இருக்கிறார், நான் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

புரோகிராமின் வயிற்றைத் திறந்து, எண்ணச் சொல்லும் அந்த இலக்கத்தைக் கண்டுபிடித்தார். அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த இடத்தில் கொள்ளக்கூடிய ஆகப் பெரிய இலக்கத்தைப் போட்டும், புதுக் கணினி கண் மூடித் திறப்பதற்குள் எண்ணிவிட்டது. கடைசியில் இலக்கத்தைப் பழையபடி வைத்துவிட்டு, நடுவில் நிற்கிற மொழிபெயர்ப்பாளரின் வேகத்தைக் கட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு தரமும் லொறியை ஏற்றி, சங்கிலியைப் பார்த்து, கொப்பியில் எழுதி. எட்டுச் செக்கன் வந்ததும் கொப்பியை மூடினார். மனேஜருக்குக் கடிதம் எழுதினார், பிழை தன்னுடையது என்று. மனேஜர் தவராசாவுக்குக் கடிதம் எழுதினார், வேலைக்கு வரலாம் என்று. பதில் வரவில்லை.

ஆகவே நஸீர் சேரும் நானும் அவர் வாகனத்தில் வெருகலுக்குப் போனோம். பிஸ்கட் டின் என் மடியில். தவராசா ஆற்றங்கரையில் வலை காயப் போட்டுக்கொண்டு நின்றார். அந்தச் சட்டைக்காரர் இடுப்பில் சாரத்தோடு, வெறும் மேலோடு. கதிரை கொண்டுவந்து போட்டார், மனைவி தேத்தண்ணீர் தந்தா. நஸீர் சேர் எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொன்னார். தவராசா வலையை விரித்தபடியே கேட்டார்.

"சேர், நான் கடதாசியிலை உள்ளபடிதான் செய்தனான்."

"ஓம். நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. அதாலதான் பழி உங்களைப் பிடிச்சது."

"கடிதம் வந்தது. வாசிச்சனான்." வலையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து எறிந்தார். "இஞ்சை எனக்கு இப்ப பேர் 'சோளம்'. கடைக்குப் போனால் 'சோளம் வருது, சாக்கை ஒளியுங்கோ' எண்டுவினம். பகிடியாத்தான் சொல்லுகினம். ஆனால் ஒவ்வொருத்தனாப் பிடிச்சு நிறுத்தி அந்தக் கடிதத்தை வாசிச்சுக் காட்டேலுமே? நான் வரேல்லை சேர். அந்தக் கந்தோரிலை இனி இருக்க ஏலாது."

சேர் வாகனத்துக்குப் போனார். நான் டின்னை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். சொல்ல வேண்டும், இங்கேயே சொல்ல வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். தவராசா எனக்குப் பக்கத்தில் வந்தார். மெல்லக் கேட்டார்:

"அக்கா, அந்த ரெண்டு கிழமையும் நீங்கள்தானே கண்ணாடியிலை பாத்தனீங்கள். அந்த நேரப் பக்கத்தை ஒருநாளும் காணேல்லையோ?"

இதற்காகத்தானே போனேன்! அவரே கேட்கிறார், வாசலைத் திறந்து வைக்கிறார். என் வாய் சொன்னது:

"மட்டை மறைச்சிட்டுது தம்பி."

அவர் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. "அதுதானே," என்றார். "நீங்கள் கண்டிருந்தால் சொல்லியிருப்பீங்கள்." வாகனக் கதவை எனக்காகத் திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஓய்வு வரும்வரை அந்தத் தட்டைக் கூட்டினேன். ஒவ்வொரு லொறிக்கும் சங்கிலி ஓயும், பிறகு பிரிண்டர் கத்தும். ஒழுங்கு பிசகவில்லை. வேலை விட்டு வந்தும் வருடங்கள் போய்விட்டன. இப்போது அந்தப் புரோகிராமையே நிறுத்துகிறார்கள். கடைசி லொறி ஏறும்போது எல்லாரும் கைதட்டுவார்கள். அந்த யன்னலுக்கு முன்னால் நின்று என்னால் சிரிக்க ஏலாது. முழங்கால் பொய் அதற்குத்தான். ஷர்மிளா, குறை நினைக்காதே பிள்ளை.

சுகந்தி பேனாவை வைத்துவிட்டாள். "மாமி, உங்கட பேரோட இதையும் போடவோ?" என்று கேட்கிறாள். போடு. தவராசா ஞாயிறு பேப்பரை ஒரு பக்கம் விடாமல் வாசிக்கிற ஆள். சத்தமாகத்தான் வாசிப்பார். கடையில் நாலு பேர் இருக்கும்போது வாசித்தால் இன்னும் நல்லது, சோளம் எங்கேயும் போகவில்லை என்று எல்லாருக்கும் ஒரேயடியாய்க் கேட்கட்டும். இங்கே வந்ததும் அவர் வாசிப்பை நிறுத்துவார், தெரியும். நிறுத்தாமல் வாசியுங்கோ தம்பி.

மட்டை மறைக்கேல்லை. அது ஒருநாள் காத்துக்கு விழுந்தது. நான் கண்டனான்.